ஏர் கார்கோ கம்பெனிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது எப்படி: வடசென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

எங்கள் ஏரியா பிள்ளைகளுக்குச் சரக்கு என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் இருபது அடி, நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் மணிக்கணக்கில் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் பள்ளிக்கூடம் போகிறார்கள், வீட்டில் அப்பாவோ மாமாவோ துறைமுகத்திலோ லாரியிலோ வேலை பார்த்திருப்பார். ஆனால் அதே சரக்கு விமானத்திலும் போகிறது, அதற்கென்று மீனம்பாக்கத்தில் ஒரு உலகமே இரவு பகலாக நடக்கிறது, அங்கே இவர்களும் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன என்பது மட்டும் தெரியாது. நான் தண்டையார்பேட்டையில் ஒரு மாலை நேரப் படிப்பகத்தில் பாடம் எடுக்கிறேன். பிளஸ் டூ, பாலிடெக்னிக், கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளை இதுவரை நாலு முறை கூட்டிப் போயிருக்கிறேன். இதில் இருப்பதெல்லாம் அந்த நாலு முறையில் கற்றுக்கொண்டது.

முதல் முறை சரியாக நடக்கவில்லை. 32 பேரை ஒரே கூட்டமாகக் கூட்டிப் போனேன், பெயர்ப் பட்டியலில் நாங்கள் கூப்பிடும் பெயரை எழுதியிருந்தேன், ஆதாரில் வேறு பெயர் இருந்தது. பாதிப் பேர் வாசலில் ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றார்கள். உள்ளே போனவர்களும் கிடங்கின் ஓரமாக நின்று பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஒரு பையன் "சார், பிளேன் காட்டவே இல்லையே" என்றான். அப்போதுதான் புரிந்தது, போன இடத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லிக் கூட்டிப் போகவே இல்லை. அதனால் விமானம் பார்க்கப் போகாதீர்கள். ஒரே ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கெங்கே போகிறதோ அதன் பின்னாலேயே போங்கள். மற்ற ஏற்பாடெல்லாம் இதிலிருந்துதான் வரும்.

பெட்டியைத் தேர்ந்தெடுங்கள்

நாங்கள் எடுத்துக்கொண்டது நண்டுப் பெட்டி. பழவேற்காட்டுப் பக்கம் பிடிபடும் கழி நண்டு, சிலர் சேற்று நண்டு என்பார்கள், சென்னையிலிருந்து உயிரோடு சிங்கப்பூர் போன்ற ஊர்களுக்கு விமானத்தில் போகிறது. கொடுக்கைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, காற்றோட்டத்துக்குத் துளை போட்ட தெர்மாகோல் பெட்டியில் ஈரத்தோடு அடுக்கி அனுப்புகிறார்கள். தண்ணீர் ஊற்றுவதில்லை, ஈரம் காயாமல் இருந்தாலே அது தாங்கும். காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு நண்டைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை, அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். அதுதான் வசதி. தெரிந்த பொருளில் தொடங்கினால் தெரியாத வழியைக் கவனிப்பார்கள். உங்கள் பகுதியில் தையல் கடை அதிகமென்றால் ஒரு ஆடைப் பெட்டி, மாதவரம் பக்கமென்றால் ஒரு தோல் பொருள் பெட்டி, எதுவானாலும் சரி.

அந்தப் பெட்டி யார் யார் கையில் போகிறது என்று கரும்பலகையில் வரையச் சொல்லுங்கள். ஏற்றுமதியாளர் கட்டுகிறார். ஃபார்வர்டர் விமானத்தில் இடம் பிடிக்கிறார். கஸ்டம்ஸ் புரோக்கர், பழைய ஆட்கள் சி.எச்.ஏ. என்பார்கள், ஷிப்பிங் பில் என்ற ஏற்றுமதித் தாளைப் போட்டுச் சுங்கத்தின் அனுமதி வாங்குகிறார். டெர்மினலில் பெட்டியை வாங்கி எடை போட்டு, எக்ஸ்ரேயில் பார்த்து, விமானத்துக்கு ஏற்றவாறு அடுக்குகிறார்கள். கடைசியில்தான் விமான நிறுவனம். இதில் எல்லோரும் தங்களை ஏர் கார்கோ கம்பெனி என்றுதான் சொல்லிக்கொள்வார்கள், ஆகவே நீங்கள் போவது எந்த வகைக் கம்பெனி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

என் யோசனை, விமான நிலையத்துக்குள் இருக்கும் சரக்கு டெர்மினலை முதல் இலக்காக வைக்காதீர்கள். அது பாதுகாப்பு வளையத்துக்குள் இருக்கிறது, அனுமதிச் சீட்டு விஷயமெல்லாம் சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவான பி.சி.ஏ.எஸ். விதிப்படிதான் நடக்கும், கூட்டமாக வருகிறவர்களுக்கு அது எளிதில் கிடைக்காது. ஃபார்வர்டர்களும் கூரியர் நிறுவனங்களும் வெளியே சொந்தமாகக் கிடங்கு வைத்திருக்கிறார்கள், அங்கே மேலாளர் ஒருவர் மனம் வைத்தால் போதும். கூரியர் சரக்குக்கென்றே சொந்த விமானங்கள் ஓட்டும் ப்ளூ டார்ட் ஏவியேஷனின் தலைமையிடம் சென்னைதான், 1996இல் பறக்கத் தொடங்கியது. இந்தத் தொழிலின் பெரிய பெயர்களில் ஒன்று நம் ஊரில் இருக்கிறது என்பதையே பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள்.

இதில் இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. பாதிப் பயணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது! சுங்க மாளிகை ராஜாஜி சாலையில். கஸ்டம்ஸ் புரோக்கர்கள் பலரின் அலுவலகங்கள் பாரிமுனை, மண்ணடி, லிங்கிச் செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு என்று சுற்றிச் சுற்றி இருக்கின்றன. துறைமுகத்துக்காக வந்த அலுவலகங்கள்தான், ஆனால் விமானச் சரக்குக்கும் சேர்த்தே வேலை பார்க்கிறவர்கள் அங்கே உண்டு. ஆகவே இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் தாள் நாள், மண்ணடியில் ஒரு சின்ன புரோக்கர் அலுவலகம், ஐந்தாறு பேராகப் போய் ஒரு மணி நேரம். இன்னொரு நாள் பெட்டி நாள், மீனம்பாக்கம் பக்கம். தாள் நாளைத் தவிர்த்துவிட்டு நேராகக் கிடங்குக்குப் போகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் பெட்டி நகர்வது தாள் நகர்ந்த பிறகுதான். சுங்க அதிகாரி ஏற்றுமதிக்கு அனுமதி கொடுக்கும் அந்த உத்தரவை லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் என்பார்கள், அது வரும் வரை நண்டானாலும் நகையானாலும் நின்ற இடத்தில்தான் நிற்கும்.

கடிதம்

மூன்று நாலு வாரம் முன்பே கொடுங்கள். நேரில் போய்க் கொடுத்துவிட்டு, அப்புறம் அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எத்தனை பேர், என்ன வயது, என்ன படிக்கிறார்கள், கூட வரும் பெரியவர்கள் யார், எதைப் பார்க்க ஆசைப்படுகிறோம், எவ்வளவு நேரம், இரண்டு மாற்றுத் தேதிகள். "ஒரு பெட்டி உங்களிடம் வந்து சேர்வதிலிருந்து வெளியேறும் வரை என்ன நடக்கிறது என்று பார்க்க விரும்புகிறோம்" என்று நான் எழுதிய பிறகுதான் பதில் வேகமாக வந்தது. "தொழிற்சாலைப் பார்வை" என்று பொதுவாக எழுதினால் அது யாருடைய மேசையில் போய் விழும் என்று சொல்ல முடியாது.

12 பேருக்கு மேல் வேண்டாம், அதிகம் போனால் 15. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓடிக்கொண்டே இருக்கும், ஒருவர் பேசுவது ஆறாவது ஆளுக்குக் கேட்காது. 30 பேர் இருந்தால் இரண்டு தேதி கேளுங்கள். பெயர்ப் பட்டியலில் ஆதாரில் இருக்கும் எழுத்து அப்படியே இருக்க வேண்டும், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பது உட்பட, ஒவ்வொருவரின் அட்டையையும் கையில் வாங்கிப் பார்த்து நீங்களே எழுதுங்கள். முதல் முறை நான் செய்யாத வேலை இது.

தேதி விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மார்ச் வேண்டாம், நிதியாண்டு முடிவும் தேர்வும் சேர்ந்து வரும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கூரியர் கிடங்குகளில் நிற்க இடமிருக்காது. நவம்பர், டிசம்பர் மழையை நம்ப முடியாது, 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையமே சில நாள் மூடிக் கிடந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. மீன் சரக்கைப் பின்தொடர்வதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தையும் கணக்கில் வையுங்கள், விசைப்படகுகள் போகாத நாட்களில் காசிமேட்டிலிருந்து வரும் சரக்கு குறைவு. ஜூலை முதல் செப்டம்பர் வரை நல்லது, இல்லையென்றால் ஜனவரி கடைசி, பிப்ரவரி. நேரத்தைப் பொறுத்தவரை காலை 10 மணியோ பிற்பகல் 2 மணியோ கேளுங்கள். வெளிநாட்டு விமானங்கள் பல இரவில் கிளம்புவதால் கிடங்கில் வேலை சூடு பிடிப்பது மாலைக்கு மேல்தான், அது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் நமக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது.

போவதற்கு முன் மூன்று வகுப்பு

இதை விட்டுவிடாதீர்கள். கிடங்கில் அவர்கள் பேசும் மொழி கொஞ்சமாவது காதில் விழுந்திருக்க வேண்டும்.

முதல் வகுப்பு எடை. விமானச் சரக்கில் தராசு காட்டும் எடை ஒன்று, பெட்டி அடைக்கும் இடத்துக்கான எடை இன்னொன்று, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் இடத்தின் எடை கிலோவில் வரும், கூரியரில் பெரும்பாலும் 5000ஆல் வகுப்பார்கள். நான் ஒரே அளவில் இரண்டு அட்டைப் பெட்டி கொண்டுபோனேன், 60, 40, 40. பெருக்கினால் 96,000, வகுத்தால் 16 கிலோ. ஒன்றில் பொரியை நிரப்பினோம், சில கிலோதான் வந்தது, ஆனாலும் 16 கிலோவுக்குக் காசு. இன்னொன்றில் பழைய புத்தகம், அது 16ஐ எப்போதோ தாண்டிவிட்டது, தராசு எடைக்கே காசு. கணக்குப் பிடிக்காத பிள்ளைகள்கூட அன்று டேப்பை எடுத்துக்கொண்டு படிப்பகத்தில் இருந்த எல்லாவற்றையும் அளந்தார்கள்.

இரண்டாம் வகுப்பு எண். ஒவ்வொரு சரக்குக்கும் ஏர்வே பில் என்று ஒரு ரசீது, அதில் 11 இலக்கம். முதல் மூன்றும் விமான நிறுவனம்: ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618. அடுத்த ஏழும் வரிசை எண். கடைசி ஒன்று சரிபார்ப்புக்கு, ஏழு இலக்க எண்ணை ஏழால் வகுத்தால் வரும் மீதிதான் அது. 1234567ஐ ஏழால் வகுத்தால் மீதி 5, ஆக எண் 1234 5675 என்று முடியும். மீதி ஆறைத் தாண்டாது என்பதால் 7, 8, 9இல் முடியும் ஏர்வே பில் எண்ணே கிடையாது. இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கூட்டிப் போங்கள், கிடங்கில் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையெல்லாம் பிள்ளைகள் வகுத்துப் பார்ப்பார்கள், அங்கே வேலை செய்கிறவர்களே அதைப் பார்த்து நின்றுவிடுவார்கள். லேபிளில் எம்.ஏ.ஏ. என்று இருந்தால் அது நம் ஊர், மெட்ராஸ் என்ற பெயரிலிருந்து வந்த குறி, ஊர் பெயர் மாறியும் குறி மாறவில்லை.

மூன்றாவது ஆபத்தான சரக்கு. ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புரிவது போன் பேட்டரி. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரியை 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதில்லை, சரக்கு விமானத்தில் போனாலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்று விதி. உலர் பனிக்கட்டியும் இந்தப் பட்டியலில்தான் வருகிறது, அது உருகாமல் நேரே வாயுவாகிவிடும், மூடிய இடத்தில் அந்த வாயு மூச்சை அடைக்கும். காசிமேட்டில் பெட்டியில் ஐஸை உடைத்துக் கொட்டி மீனை அடுக்குவது போல இங்கே செய்ய முடியாது. உருகி ஒழுகும் உப்புத் தண்ணீர் விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும், அதனால்தான் மீன் பெட்டிக்கு அவ்வளவு உறை. இதைச் சொன்னபோது மீன் வியாபாரம் செய்யும் ஒரு அம்மாவின் மகள், "எங்கம்மா வண்டித் தகரமும் இப்படித்தான் ஓட்டையாச்சு" என்றாள். அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

நேரம் இருந்தால் 1932ஐயும் சொல்லுங்கள். அந்த ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாடா ஓட்டி வந்த விமானம் பம்பாய்க்கு வந்தது, அங்கிருந்து நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டு வந்தார். டாடாவின் அந்த விமானச் சேவை ஆட்களுக்காகத் தொடங்கியதல்ல, தபால் பைகளுக்காக.

அந்த நாள்

போக்குவரத்துக்கு வேன் பிடிக்க வேண்டாம். விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ ஒரே வண்டி, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, எங்கே ஏறினாலும் மாற வேண்டியதில்லை, தாள் நாளுக்கு மண்ணடியில் இறங்குவதும் இதே வழிதான். செலவு குறைய வேண்டுமென்றால் மின்சார ரயிலில் கடற்கரை போய்த் தாம்பரம் வண்டி மாறி மீனம்பாக்கத்தில் இறங்கலாம். பயணிகள் முனையம் திரிசூலம் பக்கம், சரக்கு வேலை பழைய மீனம்பாக்கம் பக்கம், ஆகவே மெட்ரோவில் வந்தாலும் மீனம்பாக்கத்திலேயே இறங்குங்கள், விமான நிலைய ஸ்டேஷன் வரை போய்விட்டுத் திரும்பி நடக்காதீர்கள். எந்த வாசல் என்று முதல் நாளே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள், முக்கால் மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

காலில் மூடிய ஷூ கட்டாயம். செருப்போடு கிடங்குக்குள் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஷூ இல்லாத பிள்ளைகள் நம் பக்கம் உண்டு, அதை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், ஒரு வாரம் முன்பே தனியாக அளவு கேட்டுப் பழைய மாணவர்களிடம் வாங்கி வைத்துவிடுங்கள். துப்பட்டாவைக் குத்திக்கொள்ள வேண்டும், கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும், உருளைகளும் சக்கரங்களும் ஓடும் இடம். தீப்பெட்டி, லைட்டர், கத்தி எதுவும் பையில் இருக்கக் கூடாது. போட்டோ எடுக்கலாமா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் போன்களை ஒரு பையில் போட்டு வாசலிலேயே ஒப்படைத்துவிடுங்கள். சாப்பாட்டுக்கு எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ கட்டிக்கொள்ளுங்கள், உள்ளே போகும் முன் கழிப்பறை எங்கே என்று கேட்டுவிடுங்கள், பெண் பிள்ளைகளோடு கட்டாயம் ஒரு அக்கா இருக்க வேண்டும்.

உள்ளே போனதும் நாலு பேர், நாலு பேராகப் பிரியுங்கள், ஒவ்வொரு குழுவும் ஒரு இடத்தில் பத்து நிமிடம். எக்ஸ்ரே திரைக்கு முன்னால் இருப்பவர், அடுக்குமிடம், எடை மேடை, கணினி அறை. அடுக்குமிடத்தில் அதிக நேரம் நில்லுங்கள். அங்கேதான் அலுமினியப் பலகையின் மேல் பெட்டிகளை அடுக்கி வலை போட்டு இறுக்குகிறார்கள், பலகையின் நீளம் 318 சென்டிமீட்டர், அகலம் 224 அல்லது 244. துறைமுகக் கன்டெய்னர் போல விமானத்துக்கும் கன்டெய்னர் உண்டு, ஆனால் கீழ் மூலை ஒன்று சாய்வாக வெட்டியிருக்கும். ஏன் என்று பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களே கண்டுபிடிக்கட்டும்: விமானத்தின் வயிறு வளைந்தது, சதுரப் பெட்டி உள்ளே போகாது. உலகில் விமானத்தில் போகும் சரக்கில் ஏறக்குறைய பாதி, நாம் உட்கார்ந்து போகும் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. தரையைப் பார்க்கச் சொல்லவும் மறக்காதீர்கள். உருளைகளும் சுழலும் குண்டுகளும் பதித்த தரையில் பெரிய பாரத்தை இரண்டு மூன்று பேர் கையால் தள்ளுவதைப் பார்த்தால், மூட்டை தூக்கும் அப்பாவின் பிள்ளை என்ன நினைப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்விகளை முன்பே எழுதிக்கொண்டு போகட்டும், ஆனால் எல்லாக் குழுவும் கேட்க வேண்டியது இவை: நீங்கள் என்ன படித்தீர்கள், இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள், என்ன பயிற்சி எடுத்தீர்கள், ஷிஃப்ட் எப்படி. மேலாளரிடம் மட்டும் கேட்டால் போதாது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவரிடமும் திரை பார்ப்பவரிடமும் கேட்க வேண்டும். திரை பார்ப்பவர் பயிற்சி முடித்துத் தேர்வு எழுதிச் சான்று வாங்கியவர். ஆபத்தான சரக்குக்குப் பயிற்சி எடுத்தவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மண்ணடி அலுவலகத்தில் கஸ்டம்ஸ் புரோக்கர் வேலை செய்கிறவர்களுக்கு எச் கார்டு, ஜி கார்டு, எஃப் கார்டு என்று அட்டையிலேயே படிகள் உண்டு, ஜி கார்டுக்கும் எஃப் கார்டுக்கும் தேர்வு எழுத வேண்டும். சம்பளத்தைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், மரியாதையாக, "புதுசா சேர்றவங்களுக்கு எவ்வளவு அண்ணா கிடைக்கும்" என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

விமானத்தைப் பக்கத்தில் பார்ப்போம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தூரத்தில் ஒன்று இறங்கினால் அது அன்றைய அதிர்ஷ்டம்.

திரும்பிய பிறகு

அன்று மாலையே, அலுப்பாக இருந்தாலும், பத்து நிமிடம் உட்கார வைத்து அந்தப் பெட்டியின் வழியை மறுபடி வரையச் சொல்லுங்கள். முதல் வாரம் வரைந்ததையும் இதையும் பக்கத்தில் வைத்தால் எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். போன முறை எக்ஸ்ரேக்கும் விமானத்துக்கும் நடுவே எல்லோருமே வெற்றிடம் விட்டிருந்தார்கள், அந்தப் பகுதியை அங்கே யாரும் விளக்கவில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது, போன் செய்து கேட்டுச் சொன்னேன்.

ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் போக வேண்டும், பிள்ளைகள் கையெழுத்தில், அந்தப் படங்களில் நல்லதாக இரண்டையும் சேர்த்து. பேசிய ஒவ்வொருவரையும் குறிப்பிட்டு எழுதுங்கள், வாசலில் பெயர் சரிபார்த்த காவலர் உட்பட, அடுத்த முறை முதலில் பார்க்கப் போவது அவரைத்தான். அதே கடிதத்தில், ஆர்வம் காட்டிய இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு விடுமுறையில் ஒரு வாரம் கூட இருந்து பார்க்க அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். எங்களுக்கு இரண்டு இடங்களில் மறுத்தார்கள், மண்ணடியில் ஒரு சின்ன அலுவலகம் சரி என்றது. புதுவண்ணாரப்பேட்டைப் பெண் ஒருத்தி இப்போது சனிக்கிழமைகளில் அங்கே போய் ஷிப்பிங் பில் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.